கைத்துப்பாக்கி சுடுதல் பயிற்சி

கைத்துப்பாக்கி சுடுதல் பயிற்சி என்பது, ஒரு கையால் பிடித்துச் சுடும் பிஸ்டல் வகைத் துப்பாக்கியைக் கொண்டு இலக்கைத் துல்லியமாகச் சுடுவதற்காக விளையாட்டு வீரர்கள் சுடுதளத்திலும் வெளியிலும் மேற்கொள்ளும் முறையான பயிற்சி ஆகும். துப்பாக்கி சுடுதல், 1896 ஏதென்சு ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற விளையாட்டு. இதன் பன்னாட்டு விதிகளை 1907இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு வகுக்கிறது. இந்தியாவில் 1951இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கம் இவ்விளையாட்டை நிருவகிக்கிறது.

சுடுதளத்தில் கிடைக்கும் நேரம் குறைவு. குண்டுகளுக்கும் தோட்டாக்களுக்கும் செலவு அதிகம். எனவே எத்தனை குண்டுகள் சுடப்பட்டன என்பதைவிட, ஒவ்வொரு குண்டிலிருந்தும் என்ன கற்றுக்கொள்ளப்பட்டது என்பதே பயிற்சியின் பயனை முடிவு செய்கிறது. தவறான பழக்கத்துடன் சுடப்படும் நூறு குண்டுகள் அப்பழக்கத்தை மேலும் உறுதிப்படுத்தவே செய்யும்.

போட்டி வகைகள்

கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இந்தியாவில் மிகுதியானோர் தொடங்குவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஆகும். அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மி.மீ. விட்டமுள்ள ஈயக் குண்டை (பெல்லட்) உந்தும் இத்துப்பாக்கி 1988 சியோல் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. துப்பாக்கியின் எடை 1,500 கிராமுக்கு மிகக் கூடாது. விசையை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள் சுட வேண்டும். மின்னணு இலக்குகளில் இதற்கு 75 நிமிடங்கள் தரப்படுகின்றன. அதாவது ஒரு குண்டுக்குச் சராசரியாக 75 விநாடிகள். அதற்கு முன் ஆயத்தத்துக்கும் மாதிரிக் குண்டுகளுக்கும் 15 நிமிடங்கள் உண்டு. பெண்களுக்கு முன்பு 40 குண்டுகளாக இருந்தது 2018 முதல் ஆண்களைப் போலவே 60 ஆக்கப்பட்டது.

மகளிருக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் .22 அளவுத் தோட்டா (5.6 மி.மீ.) பயன்படுகிறது. இதில் நிதானமாகச் சுடும் 30 தோட்டாக்களும் விரைவாகச் சுடும் 30 தோட்டாக்களும் உள்ளன. விரைவுப் பகுதியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் 3 விநாடிகளே கிடைக்கும். ஆடவருக்கான 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில் அடுத்தடுத்து நிற்கும் ஐந்து இலக்குகளை 8, 6, 4 விநாடிகளுக்குள் சுட வேண்டும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியத் தரைப்படையைச் சேர்ந்த விஜய் குமார் இப்பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

இலக்கின் அளவும் பிழையின் கணக்கும்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் 10 புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. அடுத்தடுத்த வட்டங்கள் ஒவ்வொன்றும் விட்டத்தில் 16 மி.மீ. பெரியவை. 7 முதல் 10 வரையிலான கறுப்புப் பகுதியின் விட்டம் 59.5 மி.மீ. குண்டின் ஓரம் ஒரு வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே அதிக மதிப்பெண் கிடைக்கும். ஆகவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் 10 புள்ளி கிடைக்கும்.

சுடும்போது இரண்டு வகைப் பிழைகள் நேர்கின்றன. இவற்றைப் பிரித்தறிவதே பயிற்சியின் அடிப்படை.

முதலாவது இணைப் பிழை. முன்குறியும் பின்குறியும் சரியாகப் பொருந்தியிருக்க, கை முழுவதும் சற்றே மேலோ பக்கவாட்டிலோ நகர்வது இது. கை 5 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே விலகும், 10 புள்ளி அப்படியே கிடைக்கும்.

இரண்டாவது கோணப் பிழை. மணிக்கட்டு சற்று வளைந்து, முன்குறி பின்குறியின் பிளவில் நடுவாக நில்லாமல் போவது இது. இரு குறிகளுக்கும் இடையே உள்ள தொலைவு 350 மி.மீ. என்று கொண்டால், முன்குறி 1 மி.மீ. விலகும்போது 10 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 29 மி.மீ. விலகும். அந்தக் குண்டு 7 புள்ளி வட்டத்தில் விழும். 10 புள்ளிக்குள் நிற்க வேண்டுமானால் முன்குறியின் விலகல் 0.28 மி.மீ.க்கு மிகக் கூடாது.

இக்கணக்கிலிருந்து பயிற்சிக்கான இரண்டு விதிகள் பிறக்கின்றன. கை ஆடுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆடாத கை எவருக்கும் இல்லை. ஆனால் இரு குறிகளின் பொருத்தம் குலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்வை

மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் தெளிவாகப் பார்க்க இயலாது. எனவே பார்வை முன்குறியின் மீது நிலைக்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிவதே சரி. தொடக்க நிலையினர் பலர் கறுப்பு வட்டத்தைத் தெளிவாகப் பார்க்க முயல்வதால் குறிகளின் பொருத்தம் குலைவதைக் கவனிப்பதில்லை.

இதே காரணத்தால் பெரும்பாலான வீரர்கள் கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிபார்ப்பதில்லை. கறுப்பின் மீது கறுப்பு முன்குறி தெளிவாகத் தெரியாது. கறுப்புக்குக் கீழே வெள்ளைப் பகுதியில் முன்குறியை நிறுத்தி, குண்டு மையத்தில் விழுமாறு பின்குறியை அமைத்துக்கொள்கின்றனர். ஒரு புள்ளியைக் குறிபார்க்காமல் ஒரு சிறு பரப்புக்குள் துப்பாக்கியை நிற்கவிடுவதால், சரியான கணத்துக்காகக் காத்திருந்து விசையைச் சட்டென இழுக்கும் பழக்கமும் குறைகிறது.

விசையை இழுத்தல்

ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள துப்பாக்கியின் விசைக்கு 500 கிராம் அழுத்தம் தேவைப்படுகிறது. துப்பாக்கி எடையில் பாதியளவான இந்த அழுத்தத்தை ஒரே கணத்தில் செலுத்தினால் துப்பாக்கி அசையாமல் இருக்காது. வலக்கையால் சுடுபவர்களின் குண்டுகள் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே விழுவதற்கு விசையை வெட்டி இழுப்பது முக்கியக் காரணம். ஆட்காட்டி விரலின் முதல் கணு மட்டும் நேர் பின்னோக்கி நகர வேண்டும். மற்ற விரல்களின் இறுக்கம் மாறக் கூடாது.

ஏர் பிஸ்டலின் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் செல்கிறது. விசை விடுபட்டதற்கும் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. அதற்குள் கையைத் தளர்த்தினாலோ மானிட்டரைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலோ குண்டின் போக்கு மாறும். எனவே சுட்ட பின்பும் ஓரிரு விநாடிகள் பார்வையையும் கையையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். இதனை வீரர்கள் ஃபாலோ த்ரூ என்று அழைக்கின்றனர்.

துப்பாக்கியை உயர்த்தியபின் காத்திருக்கும் நேரம் நீண்டால் தசை தளர்கிறது, மூச்சடக்கியதால் நடுக்கம் கூடுகிறது, கண்ணும் களைக்கிறது. ஏறத்தாழ 8 முதல் 10 விநாடிகளுக்குள் சுட முடியாவிட்டால் கையை இறக்கி, மூச்சு விட்டு, மீண்டும் தொடங்குவதே நல்லது. சுடாமல் கையை இறக்கக் கற்றுக்கொள்வதும் ஒரு திறனே. நல்ல பயிற்சியாளர்கள் இதனைத் தனியாகப் பழக்குகின்றனர்.

வெற்றுச் சுடுதல்

குண்டு இல்லாமல் முழுச் செயல்முறையையும் செய்து பார்ப்பது வெற்றுச் சுடுதல் அல்லது டிரை ஃபயர் எனப்படும். இன்றைய போட்டி ஏர் பிஸ்டல்கள் பலவற்றில், காற்றைச் செலவிடாமல் விசை மட்டும் இயங்கும் ஏற்பாடு உள்ளது. சத்தமும் மதிப்பெண்ணும் இல்லாததால், விசை விடுபடும் கணத்தில் முன்குறி அசைகிறதா என்பதை வீரர் நேரடியாகக் காண முடிகிறது. குண்டுடன் சுடும்போது இந்த அசைவு கவனத்துக்கு வராமல் போய்விடும்.

பயிற்சிக்கு வெள்ளைச் சுவர் அல்லது அச்சிடப்படாத வெள்ளை அட்டை போதும். இலக்கு இல்லாதபோது பார்வை இயல்பாகவே முன்குறியில் நிலைக்கிறது. குண்டுடன் வெள்ளை அட்டையில் பத்து முறை சுட்டு, அவை எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன எனப் பார்ப்பதும் இதன் தொடர்ச்சியே.

.22 துப்பாக்கிகளில் வெற்றுச் சுடுதலுக்குப் போலித் தோட்டா பொருத்த வேண்டும்; இல்லையெனில் சுத்தி ஊசி உலோகத்தில் மோதிச் சேதமடையக்கூடும். உண்மைத் தோட்டாக்களுக்கிடையே போலித் தோட்டா ஒன்றை வீரருக்குத் தெரியாமல் சேர்ப்பதும் ஒரு பயிற்சி. போலித் தோட்டாவில் விசை விழும்போது குழல் கீழே சாய்ந்தால், அவர் அதிர்வை எதிர்பார்த்து முன்கூட்டியே கையை அழுத்துகிறார் என்று பொருள்.

எந்த வெற்றுச் சுடுதலுக்கும் முன் துப்பாக்கி காலியாக உள்ளதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தோட்டாக்களும் குண்டுகளும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

சுடுதளத்தில் ஒரு நாள்

பயனுள்ள பயிற்சி நாளுக்கு முன்கூட்டியே ஒரு நோக்கம் வகுக்கப்படுகிறது. ‘இன்று 570 எடுக்க வேண்டும்’ என்பது வீரரின் கட்டுப்பாட்டில் முழுமையாக இல்லாத நோக்கம். ‘இன்று ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் இரண்டு விநாடி நிலை காக்க வேண்டும்’ என்பது அவரால் நிறைவேற்றக்கூடியது. ஒரு நாளில் ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பொதுவான அமைப்பு பின்வருமாறு:

1. தோள், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றைத் தளர்த்தும் உடற்பயிற்சி, 10 நிமிடம்.
2. நிற்கும் நிலையைச் சரிபார்த்தல். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பின்பு திறந்து பார்க்கும்போது துப்பாக்கி இலக்கை நோக்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் கையை இழுக்காமல் பாதங்களை நகர்த்த வேண்டும்.
3. வெற்றுச் சுடுதல், 15 முதல் 20 முறை.
4. வெள்ளை அட்டையில் 10 குண்டுகள்.
5. அன்றைய நோக்கத்துக்கான 20 முதல் 30 குண்டுகள்.
6. போட்டி நேரக்கட்டுப்பாட்டுடன் 10 அல்லது 20 குண்டுகள்.
7. குறிப்பேட்டில் பதிவு செய்தல்.

ஐந்தாம் படியில் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன், குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று வீரர் சொல்லிப் பார்க்கிறார். ‘ஒன்பது, வலப்பக்கம்’ என்று சொன்னது சரியாக இருந்தால், விசை விடுபட்ட கணத்தில் அவர் முன்குறியைப் பார்த்தார் என்பது உறுதி. எங்கே போயிற்றென்றே தெரியவில்லை என்றால் அவர் பார்வை வேறெங்கோ இருந்தது. மதிப்பெண் 10 ஆக இருந்தாலும் இத்தகைய குண்டு நல்ல குண்டாகக் கருதப்படுவதில்லை.

குறிகளைத் திருகி மாற்றுவதிலும் பொறுமை தேவை. ஒரு குண்டு வலப்பக்கம் விழுந்ததும் பின்குறியைத் திருப்புவது தவறு. குறைந்தது ஐந்து, இயன்றால் பத்துக் குண்டுகளின் தொகுதியைப் பார்த்து, அதன் நடு எங்கே உள்ளது என்று அறிந்த பின்பே மாற்ற வேண்டும். குண்டுகள் நெருக்கமாகவும் மையம் விலகியும் இருந்தால் அது குறியமைப்பின் பிழை. சிதறியிருந்தால் அது சுடுபவரின் பிழை. அதனைத் திருகாணியால் சரிசெய்ய முடியாது.

குறிப்பேட்டில் மதிப்பெண்ணுடன் வெளிச்சம், தூக்கம், உணவு, பின்குறியின் அமைப்பு, சிறப்பாக அமைந்த குண்டின்போது ஏற்பட்ட உணர்வு ஆகியவை எழுதப்படுகின்றன. சில மாதங்களுக்குப் பின் மதிப்பெண் குறையும்போது, முன்பு என்ன செய்யப்பட்டது என்பதை நினைவை நம்பாமல் அறிய இது உதவுகிறது.

உடல் வலிமை

60 குண்டுகளுடன் மாதிரிக் குண்டுகளையும், சுடாமல் இறக்கியவற்றையும் சேர்த்தால் ஒரு போட்டியில் கை எண்பது முதல் நூறு முறை உயர்கிறது. ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் தாங்குவதால், தோள் தசையும் முதுகும் களைத்த பிறகே கடைசி இருபது குண்டுகள் சுடப்படுகின்றன. வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய புட்டியை நீட்டிய கையில் 20 அல்லது 30 விநாடி தாங்கி, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மீண்டும் செய்வது எளிய பயிற்சி. தோளில் வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். நடை, ஓட்டம் ஆகியவை இதயத் துடிப்பைச் சீராக்கத் துணைபுரிகின்றன.

போட்டி அழுத்தமும் ஆயத்தமும்

பயிற்சியில் நன்றாகச் சுடுபவர் போட்டியில் தடுமாறுவது பொதுவான சிக்கல். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதடைந்தது. அதனைச் சரிசெய்வதில் பல நிமிடங்கள் கழிந்தன. மீதி நேரத்துக்குள் விரைந்து சுட நேர்ந்த அவர் 575 புள்ளிகளுடன் 12ஆம் இடம் பெற்றார். முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று வாய்ப்பு உண்டு.

மூன்றாண்டுகளுக்குப் பின், 2024 பாரிசு ஒலிம்பிக்கில் அவர் தகுதிச் சுற்றில் 580 புள்ளிகள் எடுத்து இறுதிக்குள் நுழைந்து, 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவிலும் வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே. இவருடைய பயிற்சியாளர் ஜஸ்பால் ராணா, பயிற்சியில் வகுத்த இலக்கை எட்டாத நாட்களில் குறைந்த புள்ளிகளுக்கு ஏற்ப ஒரு தொகையை ஏழைகளுக்குக் கொடுக்கச் செய்ததாகப் பேட்டிகளில் கூறியுள்ளார். பயிற்சிக் குண்டுக்கும் ஒரு விலை வைப்பதே இம்முறையின் சாரம்.

கழகங்களில் இதே நோக்கத்துக்காக வேறு வழிகளும் கையாளப்படுகின்றன. இரு வீரர்கள் ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு குண்டாகச் சுட்டுப் போட்டியிடுவது, இரைச்சலுக்கு நடுவே சுடுவது, துப்பாக்கி பழுதானதாகக் கொண்டு ஐந்து நிமிடம் நிறுத்தி மீதி நேரத்தில் முடிப்பது போன்றவை அவற்றுள் சில. இறுதிச் சுற்றில் மதிப்பெண் பதின்மத்தில் 10.9 வரை கணக்கிடப்படுவதால் அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

கருவிகள் மிகுந்தால் மட்டும் மதிப்பெண் உயராது. பாரிசில் கலப்பு அணி வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுஃப் டிகெச், சிறப்புக் கண்ணாடிச் சட்டம் எதுவுமின்றி வழக்கமான மூக்குக் கண்ணாடியுடன் சுட்டது உலகெங்கும் பேசப்பட்டது.

பாதுகாப்பு

சுடுதளத்தில் குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். குறிபார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரங்களில் குழலில் பாதுகாப்புக் கொடி செருகப்பட வேண்டும். ‘ஸ்டாப்’ என்ற கட்டளை எழுந்த கணமே சுடுவதை நிறுத்தி, குண்டை அகற்றி, துப்பாக்கியை மேசையில் வைக்க வேண்டும். எவரேனும் இலக்குப் பக்கம் செல்லும்போது துப்பாக்கியைத் தொடக் கூடாது. .22 சுடும் இடத்தில் காதுக் கவசம் கட்டாயம். குண்டுகள் ஈயத்தால் ஆனவை என்பதால் பயிற்சிக்குப் பின், உண்ணும் முன், சோப்பால் கை கழுவ வேண்டும். காற்று உருளையின் மீது குறிக்கப்பட்ட காலாவதி நாளையும் கவனிக்க வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் துப்பாக்கிகள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளுக்கும் உட்பட்டவை. .22 போன்ற வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் பெறப் பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயது குறைந்தோர் பயிற்சியில் சுடுவதற்குத் தனி நிபந்தனைகள் உள்ளன. 4.5 மி.மீ.க்கு மிகாத, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலுள்ள ஏர் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல்களின் ஆற்றல் இந்த வரம்புக்கு மிகவும் கீழே உள்ளது. ஆயினும் அவை விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. அருகிலிருந்து பட்டால் கண்ணைப் பறிக்கும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கத்தின் கீழ் நகரங்களிலும் மாவட்டங்களிலும் ரைபிள் கழகங்கள் இயங்குகின்றன. சென்னை வேளச்சேரி குருநானக் கல்லூரியில் உள்ள சுடுதளத்தில் 2024 சனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளின் துப்பாக்கி சுடுதல் போட்டிகள் நடைபெற்றன. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைபிள் பிரிவிலும், புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் பிரிவிலும் 2024 ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றனர். 2022இல் திருச்சிராப்பள்ளியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் குமார் பிஸ்டல் பிரிவுகளில் பங்கேற்றது இவ்விளையாட்டின் மீது பொதுமக்களின் கவனத்தைத் திருப்பியது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள படவேடு போன்ற ஊர்களின் இளைஞர்கள் முறையான சுடுதளத்தில் பயிற்சி பெற நகரங்களுக்குப் பயணம் செய்ய வேண்டியுள்ளது. மலைப்பகுதிகளில் சிலர் உரிமமின்றி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் சட்டத்துக்குப் புறம்பானவை. அவற்றுக்கும் இவ்விளையாட்டுக்கும் தொடர்பில்லை. இத்தகைய ஊர்களில் வாழும் வீரருக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சுடுதளம் வாய்க்கும் நிலையில், மற்ற ஆறு நாட்களின் பயிற்சியே முன்னேற்றத்தை முடிவு செய்கிறது. நிற்கும் நிலை, கைவலிமை, மூச்சு, வெள்ளைச் சுவரை நோக்கிய வெற்றுச் சுடுதல், குறிப்பேடு ஆகிய அனைத்தையும் ஒரு வீட்டு அறைக்குள்ளேயே பழகலாம். சுடுதளத்தில் சுடப்படும் குண்டுகள், அந்த ஆறு நாட்களில் கற்றது சரியா என்று சோதித்துப் பார்ப்பதற்குப் பயன்படுகின்றன.